நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி விழுந்த நிழல்

என் மனைவி கண்ணால் பார்த்ததை நான் ஒன்பது நாள் நம்பவில்லை. கம்ப்யூட்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தது என்பதைத் தவிர அதற்கு எந்தக் காரணமும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். வீடு வேலூரில், மருத்துவமனைக் குவார்ட்டர்ஸில். மனைவி அங்கே ஸ்டாஃப் நர்ஸ். காலையில் ரயிலில் ஆம்பூர் போவேன், மாலையில் கிடைத்த பஸ்ஸில் திரும்புவேன். கல்லூரி நாட்களில் நண்பர்களோடு கண்ணாடி தேய்த்துச் செய்த ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்று என்னிடம் இருந்தது. குழந்தை இல்லாத வீடு. மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசும் நேரத்தில் நான் வானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குப் பிடித்திருந்தது சிறுகோள் மறைப்பு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றுகின்றன. அதில் ஒன்று எப்போதாவது ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் கடக்கும். அந்தச் சில விநாடிகள் நட்சத்திரம் அணைந்துவிடும். பாறையை நம்மால் பார்க்க முடியாது, அவ்வளவு மங்கல். நட்சத்திரம் போவதும் வருவதும்தான் தெரியும். ஆனால் எல்லா ஊரிலும் தெரியாது. பாறை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு நிழல் பூமியின் மேல் பட்டையாக ஓடும். அந்தப் பட்டைக்குள் நிற்பவனுக்கு மட்டும்தான் காட்சி. எங்கே மறைந்தது, எத்தனை விநாடி மறைந்தது என்று பல ஊர்களிலிருந்து எழுதி அனுப்பினால், பார்க்க முடியாத அந்தப் பாறையின் அளவையும் வடிவத்தையும் கணக்குப் போட்டுவிடலாம்.

அந்தப் பட்டை எங்கே ஓடும் என்று சொல்ல ஒரு மென்பொருள் இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் இலவசமாக அனுப்பிய ஃப்ளாப்பிகள். மேனேஜரிடம் அனுமதி வாங்கி, பேக்கிங் லிஸ்ட் வேலை முடிந்த பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுவேன். ஒரு டிசம்பர் மாலை அது ஒரு வரியைத் துப்பியது. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு ஏழு இருபத்திநாலுக்கு, ரோகிணிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற ஒரு நட்சத்திரம். அறுபது கிலோமீட்டர் அகல நிழல், ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வந்து பாலாற்றைக் குறுக்கே தாண்டி ஆந்திராவுக்குள் போகும். நடுக்கோடு எங்கே என்று வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆம்பூர். சரியாக ஆம்பூர்.

என்னோடு சேர்ந்து சந்தோஷப்பட்டவர் டைம் ஆபீஸில் இருந்த முஸ்லிம் நண்பர்; எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி வாசலில் பஞ்ச் கார்டு, வருகைப் பதிவு, சங்கு எல்லாம் அவர் பொறுப்பு. என் வயதுதான். ஆம்பூர்க்காரர். காலையில் ரேடியோவின் பிப் சத்தத்துக்குக் கடிகாரத்தைத் திருத்திவிட்டுத்தான் டீ குடிப்பார். நட்சத்திரம் பற்றி அவருக்குப் பெரிய அக்கறை கிடையாது. விநாடி பற்றி உண்டு.

"எத்தனை செகண்டு மறையும்?"

"நடுக்கோட்டுல நின்னா ஆறு, ஏழு."

"அதை எவ்ளோ சரியா அளக்கணும்?"

"பத்துல ஒரு பங்கு செகண்டு."

"அப்போ நான் இருக்கேன் தோஸ்த்," என்றார். அன்றே சிற்றலை ரேடியோவில் நேர சமிக்ஞை எங்கே வருகிறது என்று தேட ஆரம்பித்துவிட்டார். ரேடியோவின் டிக் டிக்கும், நட்சத்திரம் போகும்போதும் வரும்போதும் நான் கொடுக்கும் குரலும் ஒரே டேப்பில் பதியவேண்டும், பிறகு டேப்பை ஓட்டி அளக்கலாம் என்பது அவர் ஏற்பாடு.

வீட்டில் ஒரு மாதம் இதே பேச்சு. என் மனைவி கேட்டுக்கொண்டே சமைப்பாள். ஒருநாள், "வேலூர்ல தெரியாதா?" என்று கேட்டாள்.

"பட்டைக்கு வெளியில இருக்கு. பதினஞ்சு, இருபது கிலோமீட்டர் தள்ளி."

"நான் பார்த்தா தப்பா?"

"பாரு. மறையாதுன்னு தெரிஞ்சா அதுவும் ஒரு தகவல்தான்," என்று சொல்லி, பைனாகுலரையும் நான் வரைந்த நட்சத்திரப் படத்தின் ஒரு நகலையும் கொடுத்தேன். கொடுத்த விதத்தில் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனி மொட்டைமாடியில் நாங்கள் தயாராக இருந்தோம். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாய் செக்யூரிட்டியிடம் பேசிப் பின்பக்க விளக்குகளை ஐந்து நிமிடம் அணைக்க வைத்திருந்தார். ஓவர்டைம் முடித்து கம்பெனி வேனுக்காகக் காத்திருந்த தையல் பிரிவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் விஷயம் கேள்விப்பட்டு மேலே வந்துவிட்டார்கள்.

"இன்னா சார், நட்சத்திரம் உழப்போவுதா?"

"விழாதும்மா. கொஞ்ச நேரம் மறையும்."

"யார் சொன்னது?"

"கம்ப்யூட்டர்."

அந்த ஒரு சொல்லுக்கு எல்லோரும் அமைதியானார்கள். ஏழு இருபத்திமூன்றுக்கு பாய் டேப்பை ஓட விட்டார். நான் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தேன். நட்சத்திரம் நின்றது. ரேடியோ டிக் டிக் என்றது. இருபத்திநாலு வந்தது, போனது. இருபத்தைந்து வந்தது, போனது. இருபத்தேழு வரை நான் கண்ணை எடுக்கவில்லை. நட்சத்திரம் அதே இடத்தில், ஒரு சிமிட்டல்கூட இல்லாமல் நின்றது.

"வேன் வந்துட்டுச்சு சார்," என்றாள் ஒரு பெண், என் மேல் இரக்கப்பட்ட குரலில். இறங்கும்போது இன்னொருத்தி, "அந்தக் கம்ப்யூட்டரைத்தான நம்பி எங்களுக்கு சம்பளம் போடறாங்க?" என்றாள். கீழே போகும்வரை சிரிப்புச் சத்தம் கேட்டது. பாய் மட்டும் டேப்பில் தேதி எழுதி ஒட்டினார். "மறையலன்னாலும் எடுத்து வைக்கணும்," என்றார்.

வீட்டுக்கு வரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. கதவைத் திறந்தவளின் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏங்க, போச்சுங்க! பாத்துக்கிட்டே இருந்தேன், டப்புன்னு அணைஞ்சிடுச்சு. ஆறு எண்ணி ஏழு எண்றதுக்குள்ள வந்துடுச்சு!"

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. ஒரு மாதம் உழைத்து, ஊரைக் கூட்டி, தலைகுனிந்து வந்திருக்கிறேன். இவள் சும்மா மாடியில் நின்று பார்த்தாளாம்.

"மேகமா இருக்கும்."

"மேகம்னா பக்கத்து நட்சத்திரமும் மறையணும் இல்ல? அதெல்லாம் அப்படியே இருந்துது."

"பைனாகுலர் ஆடியிருக்கும். நீ கண் சிமிட்டியிருப்ப."

"ஆறு எண்ற வரைக்குமா சிமிட்டுவாங்க?"

"வேலூர் பாதையிலேயே இல்லம்மா. கம்ப்யூட்டர்ல தெளிவா இருக்கு."

"சரி. ஆம்பூர்ல மறைஞ்சுதா?"

நான் கை கழுவப் போனேன். அவள் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, "வார்டுல மானிட்டர் எல்லாம் சரியா காட்டும். ஆளைத் தொட்டுப் பார்த்தா வேற கதை இருக்கும். நாங்க ஆளைத்தான் நம்புவோம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் டைம் ஆபீஸில் இதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "அவங்க எந்த வாட்ச் கட்டியிருந்தாங்க? எப்போ திருத்தினது?" என்று கேட்டார்.

"தெரியாது. கேக்கல."

"கேக்கலயா? அரே, கார்டுல பஞ்ச் உழுந்திருக்கு தோஸ்த். பஞ்ச் உழுந்திருந்தா ஆள் வந்திருக்கான். லிஸ்ட்ல அவன் பேரு இல்லன்னா லிஸ்ட்தான் தப்பு. நாளைக்கு எங்க வீட்ல நிக்காஹ் கீது. அடுத்த ஞாயிறு நான் வேலூர் வர்றேன். சிஸ்டர்கிட்ட நானே பேசறேன்."

அந்த முதல் ஞாயிறு என் மனைவி காலை டியூட்டிக்குப் போய்விட்டாள். நான் தனியாக ஆலயத்துக்குப் போனேன். வெளியே வரும்போது அவளோடு வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் நிறுத்தினார்.

"மறைஞ்சுதா சார் உங்க நட்சத்திரம்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை அவங்களுக்கு ஈவ்னிங் டியூட்டி சார். எனக்குக் கொடுத்துட்டு என்னோட சண்டேயை எடுத்துக்கிட்டாங்க. மூணு நாளா மாடியில நின்னு அந்த ஸ்டார் எங்க இருக்குன்னு தேடிப் பழகினாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாளும் நான் ஆம்பூரிலிருந்து தாமதமாக வந்திருந்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பவள் இல்லை. பாடகர் குழுவில் இருக்கிறாள். வீடு வரை நடந்தே வந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவள் வந்தபோது வாயைத் திறக்கவில்லை. டியூட்டி மாற்றியது வேறு, நட்சத்திரம் மறைந்தது வேறு என்று எனக்குள்ளே ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அவளும் வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் பாய் வந்தார். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், கூடவே கல்யாண வீட்டு இனிப்பு ஒரு டப்பா. உட்கார்ந்ததும் அவளிடம் கேட்க ஆரம்பித்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆறரை மணிச் செய்திக்கு முன் வரும் பிப் சத்தத்துக்குக் கைக்கடிகாரத்தைத் திருத்தியிருந்தாள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றி, பைனாகுலர் ஆடாமல் பிடித்திருந்தாள். அணைந்ததும் எண்ண ஆரம்பித்தாள். வந்தபோது எண்ணிக்கை எவ்வளவு என்று மனதில் வைத்துக்கொண்டு, எண்ணுவதை நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து, எண்ணியதைக் கழித்து அணைந்த நேரத்தைக் கண்டுபிடித்திருந்தாள். ஏழு இருபத்திநாலு, இருபத்தாறு விநாடி என்று கைப்பையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். அந்தச் சீட்டு அப்போதும் கைப்பையில்தான் இருந்தது. நான் கேட்டிருந்தால் அன்றே காட்டியிருப்பாள்.

"இப்போ நான் உங்க பின்னால நிக்கிறேன் சிஸ்டர். ஸ்டார்ட்னு சொன்னா எண்ணுங்க. பத்து வந்ததும் சொல்லுங்க."

ஐந்து முறை எண்ண வைத்தார். ஐந்து முறையும் பத்து விநாடிக்குக் கால் விநாடிகூட விலகவில்லை. கடைசி முறை நான் சமையலறையில் வேண்டுமென்றே ஒரு தட்டைக் கீழே போட்டேன். அப்போதும் விலகவில்லை.

"எப்படி சிஸ்டர்?"

"ட்ரிப் சொட்டு எண்ணி, நாடி பிடிச்சு எண்ணி, பதினோரு வருஷம் ஆச்சு அண்ணா."

பாய் ஸ்டாப்வாட்சை என் கையில் வைத்தார். "எங்க பஞ்ச் மிஷின் இவ்ளோ சரியா ஓடாது. இன்னும் இன்னா வேணும் உனக்கு?"

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கம்ப்யூட்டர் அச்சடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தேன். வலது ஓரத்தில் ஒரு கடைசிப் பத்தி உண்டு. கணிப்பு எவ்வளவு தவறலாம் என்பதைச் சொல்லும் எண் அது. நிழலின் அகலத்தைப்போல ஒன்றே கால் மடங்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகலாம் என்று இருந்தது. அதாவது எழுபத்தைந்து கிலோமீட்டர். எனக்கு அது புதிதில்லை. டிசம்பரிலேயே பார்த்திருந்தேன். அதை வரைபடத்தில் போட்டால் அரக்கோணத்திலிருந்து கிருஷ்ணகிரி தாண்டி எங்கே வேண்டுமானாலும் நிழல் விழலாம் என்று ஆகிவிடும். அப்படிச் சொன்னால் யார் மொட்டைமாடிக்கு வருவார்கள்? அதனால் நடுக்கோட்டை மட்டும் தடித்த பேனாவால் வரைந்து, 'இங்கேதான்' என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். மென்பொருள் தன் சந்தேகத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தது. அந்தச் சந்தேகத்தை வெட்டிப் போட்டவன் நான்.

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், டியூட்டி மாற்றியது எனக்குத் தெரியும் என்பதையும். "நான் பண்ணது தப்பு," என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "நம்பலன்னா பரவால்லங்க. புதுசா பாக்கறவ, சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா ஒரு கேள்வி கேட்டீங்களா? பாய் வந்து கேட்டாரே, அது மாதிரி எத்தனை மணிக்கு, எங்க நின்னன்னு ஒரு கேள்வி? கேக்காமலேயே இல்லன்னுட்டீங்க. அதுதான் எனக்கு ஆறல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்தக் கடைசி எண்ணை எனக்குச் சொல்லியிருந்தா, வேலூர்லயும் வரலாம்னு தெரிஞ்சிருக்கும். டேப் ரெக்கார்டர் வெச்சிருப்பேன்," என்றாள்.

அந்த வாரம் இரண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போய், மறைப்புத் தகவல்களைச் சேகரிக்கும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்றுக்கு அறிக்கை அனுப்பினோம். ஆம்பூரில் மறையவில்லை என்று என் பெயரில் ஒன்று. வேலூரில் ஆறரை விநாடி மறைந்தது என்று அவள் பெயரில் ஒன்று. அவள் பெயரை அவளே ஒற்றை விரலால் தட்டச்சு செய்தாள். கவனித்தவரின் அனுபவம் எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கு, 'ஒரு நாள்' என்று அடித்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அதே நிழல் பட்டை மேற்கே போய் இன்னொரு நாட்டைக் கடந்திருந்தது. அங்கேயும் ஒருவர், கணிப்புக்கு வெளியே இருந்தவர், பார்த்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நிழல் கணித்ததைவிட நாற்பத்தைந்து கிலோமீட்டர் வடகிழக்கே தள்ளி விழுந்திருக்கிறது. நடுக்கோடு வேலூருக்கு மிக அருகில். ஆம்பூரில் மறையவில்லை என்ற தகவலால்தான் அதன் தெற்கு ஓரம் ஆம்பூருக்கு முன்பே முடிந்துவிட்டது என்று தெரிந்தது என்றும், இருவருக்கும் நன்றி என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை அச்சடித்து கம்பெனிக்குக் கொண்டுபோனேன். தையல் பிரிவுப் பெண்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன். முப்பது கோடி கிலோமீட்டர் தூரத்திலிருக்கிற பாறையின் நிழல், நாற்பத்தைந்து கிலோமீட்டர் மட்டும்தான் விலகியது என்றால் அது உண்மையில் நல்ல கணிப்புதான் என்று விளக்கினேன்.

"ஒரு மில்லிமீட்டர் தையல் விலகினா எங்க ஜோடியை ரிஜெக்ட் பண்றாங்க," என்றாள் அன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டவள். "நீங்க நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் விலகியும் பாஸா சார்?"

"எங்களை மாடியில நிக்க வெச்சுட்டு, உங்க வீட்டம்மா மட்டும் பாத்துட்டாங்க பாருங்க," என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் காரியங்கள் மாறின. நட்சத்திரங்களின் இடங்கள் புதிதாக, மிகத் துல்லியமாக அளக்கப்பட்டு வந்தன. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு இணையத்தில் திருத்திய கணிப்பு கிடைத்தது. தவறும் தூரம் சுருங்கிக்கொண்டே வந்தது. என்றாலும் எங்கள் வீட்டில் நடுக்கோடு மட்டும் போட்ட வரைபடம் பிறகு ஒன்றுகூட வரையப்படவில்லை. முதலில் இரண்டு ஓரங்களையும், பிறகு சந்தேகத்தின் ஓரங்களையும் என் மனைவி பென்சிலால் போடுவாள். யார் எங்கே நிற்பது என்று முடிவு செய்வதும் அவள்தான். ஒருமுறை என்னை விரிஞ்சிபுரத்தில் பாலாற்று மணலில் நிறுத்தினாள், ஒருமுறை திருப்பத்தூரில் ஒரு பள்ளி மைதானத்தில். பாதிக்கு மேல் ஒன்றும் நடக்காது. 'மறையவில்லை' என்று எழுதி அனுப்புவோம்.

பாய்க்குத்தான் அதிர்ஷ்டம் வரவில்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அவர் நின்ற இடத்தில் நிழல் விழவில்லை. பேஜாராக இல்லையா என்று கேட்டேன். "டைம் ஆபீஸ்ல வராதவனையும்தான் எழுதறேன்," என்றார்.

அதற்கும் இரண்டு வருடம் கழித்து ஒரு மார்ச் மாலை, எட்டு மணி சுமாருக்கு ஒரு மறைப்பு இருந்தது. சின்னப் பாறை, பதினெட்டு கிலோமீட்டர்தான் அகலம். என் மனைவி அவரை ஆம்பூரில் அவர் வீட்டு மாடியிலேயே நிற்கச் சொன்னாள். தொலைநோக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு, நான் பள்ளிகொண்டாவில் பைனாகுலரோடு நின்றேன். எனக்கு ஒன்றும் மறையவில்லை. எட்டேகாலுக்குச் செல்போன் அடித்தது. எடுத்தால் பாய், "நாளைக்கு டேப்போட வர்றேன் தோஸ்த்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் மூன்று பேரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டேப்பைக் கேட்டோம். ரேடியோவின் டிக் டிக் சுத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று, "யா அல்லா, போய்ட்டான்!" என்று ஒரு அலறல். அந்த அலறல் நட்சத்திரம் திரும்பி வந்ததையும் தாண்டி நீண்டது. மறைந்த நேரம் பத்தில் ஒரு விநாடிவரை சரியாகக் கிடைத்தது. வந்த நேரத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எட்டு வருடமாகப் பத்தில் ஒரு விநாடி பற்றி எங்களுக்குப் பாடம் எடுத்த மனிதர் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

"விடுங்க அண்ணா," என்றாள் என் மனைவி, பேனாவை எடுத்துக்கொண்டு. "போனதை எழுதுவோம். வந்தது தெரியலன்னும் எழுதுவோம். எங்க நின்னீங்க, சொல்லுங்க."